டெனிஸ்ரனின் பெட்டிகள்

— இல்லை ஜெயசிங்கம் அண்ணை. எடுக்க மாட்டன்.

— இன்பமலர், நீர் கொஞ்சம் யோசிச்சுப் பாரும். இது சபை மண்டபம். நாளைக்கு ஆராதனை. உள்ள வாற சனத்துக்கு முதல் கண்ணில படுறது ஒரு சூதாட்டப் பெட்டியோ?

— சூதாட்டமில்லை, வீடியோ கேம். காசு போட்டால் விளையாடலாம், காசு திரும்பி வராது. அந்தக் காலத்திலயும் சனம் இப்பிடித்தான் பிழையா விளங்கினது.

— சாராயக் கடையில நிண்ட சாமான்தானே?

— ஓம், முதல் அங்கைதான் நிண்டது. கறுப்புத் திரை, ஒரு பந்து, ரண்டு மட்டை. அதுக்கே அமெரிக்காவில முண்டியடிச்சவை. வீட்டில வைச்சு விளையாடவெண்டு வந்த முதல் பெட்டிக்கு நிறமுமில்லை, சத்தமுமில்லை. டீவி கண்ணாடியில வண்ணப் பிளாஸ்ரிக் தாளை ஒட்டிப்போட்டு விளையாடினவை. அந்தா, மேசையில இருக்கு. தொட்டுப் பாருங்கோ, கடிக்காது.

— நான் மூப்பர் எண்ட முறையில சொல்லுறன். யோசிச்சுப் பாரும், சபை என்ன கதைக்கும்?

— சபை கதைச்சது காணும். டென்மார்க்குக்கு வந்த காலத்தில இந்தப் பிரெடெரிசியா ஊரில, சொசேஜ் பொரிச்சு விக்கிற எந்தக் கிறில்பாரில இப்பிடிப் பெட்டி பழுதாப் போனாலும் என்ர மனுசன்தான் திருத்தினவர். அதுக்கு டெனிஸ்ரனைப் பிசாசின்ர மெக்கானிக் எண்டு பேர் வைச்சீங்கள். சபைச் சாப்பாட்டில ஒருத்தரும் பக்கத்தில இருக்கேல்லை.

— அந்தப் பேர் நான் வைச்சதில்லை.

— சிரிச்சனீங்கள்.

— சரி, சரி. மனுசன் போய் ஒரு வருசம், உமக்குக் கவலை இருக்கும்தான். வீட்டில வைச்சுப் பாருமன்.

— நான் ஏன் ஒளிக்க? நாளைக்கு அவற்ற நினைவு நாள். பிள்ளையள் வந்து விளையாடட்டும். வெக்கப்பட வேண்டிய ஆக்கள் நாங்கள் இல்லை.

— அப்ப நாளைக்குப் பிரசங்கத்தில உம்மட பேரைச் சொல்லியே கண்டிக்க வேண்டி வரும்.

— தாராளமாச் சொல்லுங்கோ. ஆனால் பைபிளை விரிக்க முதல், பிரசங்க பீடத்தில கிடக்கிற சிவப்புத் துணியை ஒருக்காத் தூக்கிப் பாருங்கோ. சபையிட்டக் காசில்லாத காலத்தில அந்தப் பீடத்தைச் செய்து தந்தது டெனிஸ்ரன். பலகை எங்கால எண்டு ஒருத்தரும் கேக்கேல்லை. இவ்வளவு காலமும் நீங்கள் கை ஊண்டி நிண்டது ஒரு கிறில்பார் பெட்டியில அண்ணை. பட்டன் இருந்த ஓட்டையள் இன்னும் அப்பிடியே கிடக்கு.