ஓஜலேஷிச் சீசாவில் ஒட்டப்போகும் படம்

அவைக்குத் தலைமையேற்று அமர்ந்திருக்கும் திராட்சை வளர்ப்போர் சங்கத் தலைவர் வர்லாம் ஐயா அவர்களே! மலைப்பாதை ஏறி வந்து முன்வரிசையை நிறைத்திருக்கும் மூத்தோரே! சோளக்களி கிண்டிய கையைத் துடைத்தும் துடைக்காமலும் ஓடி வந்திருக்கும் தாய்மாரே! தலைநகர் திபிலிசியிலிருந்து வந்திருக்கும் வணிகப் பெருமக்களே! இத்தனை பேருக்கும் நடுவே, சக்கர நாற்காலியில், என் முகம் பார்க்காமல் தரையைப் பார்த்துக்கொண்டிருக்கும் என் தம்பி போந்தோவே! தோதுவா வீட்டுச் சிசானா உங்கள் எல்லோரையும் வணங்குகிறேன்.

நன்றி சொல்லத்தான் என்னை அழைத்தார்கள். நன்றியா வரும் இந்த நாவிலிருந்து? என் முதுகுக்குப் பின்னால், பத்தடி உயரத்தில், சற்றுமுன் துணி விலக்கிக் காட்டினார்களே ஒரு படம், எங்கள் ஒயின் சீசாவில் ஒட்டப்போகும் படம், அதைப் பார்த்துத் தலைவர் என்ன சொன்னார்? "மரத்தின் உச்சியில் நின்று, இரு கை விரித்து, உலகையே விருந்துக்கு அழைக்கிறான் நம் மெக்ரேலிய மண்ணின் மைந்தன்" என்றார். கை தட்டினீர்கள். எனக்கும் தட்டத் தெரியும். கை எழவில்லை.

ஓஜலேஷி எப்படிப்பட்ட திராட்சைக் கொடி? ஊரில் உள்ள கொடியெல்லாம் கம்பியில் படரும். இது மரம் கேட்கும், மரத்தின் உச்சி கேட்கும், உச்சியிலே வெயில் கேட்கும்! ஆனால் எங்கள் அப்பா காலத்திலேயே அதை இடுப்புயரக் கம்பிக்கு இறக்கிவிட்டோம். எங்கள் நிலவறைத் தாழிகளில் நுரைத்து, தொள்ளாயிரம் சீசாவில் அடைபட்டிருப்பது அத்தனையும் நின்றபடியே பறித்த கம்பித் திராட்சை. பழைய மரத்தில் ஒரே ஒரு கொடி மிச்சம். அது காக்கைக்கும் குளவிக்கும்.

யாரது பின்னால்? "மரத்துப் பழம்னுதானே சீசாவுல எழுதப்போறீங்க?" ஆமாம் ஐயா, அப்படித்தான் எழுதப்போகிறார்கள். நான் தலையாட்டினேன், எழுதுகிறார்கள்.

மரமேறிப் பறித்த காலத்தில் எங்கள் வீட்டில் ஒரு கட்டுப்பாடு உண்டு. ஏறியவன் பாடிக்கொண்டே இருக்க வேண்டும். இலைக்குள்ளே ஆள் தெரியாது, குரல்தான் தெரியும். பாட்டு கேட்டால் கால் கிளையில் இருக்கிறது. பாட்டு நின்றால், கீழே நிற்பவர்கள் கம்பளியை விரித்துக்கொண்டு ஓட வேண்டும். ஏறியவனின் உயிர், கீழே நின்றவர்களின் காதில் இருந்தது, பெரியோரே!

போன நவம்பரில் கேமராவோடு படக்காரர் வந்தார். மரத்தில் ஆள் இல்லாத படத்துக்கு மதிப்பில்லை என்று வணிகர்கள் சொல்லி அனுப்பியிருந்தார்கள். போந்தோ என்ன சொன்னான்?

"நாப்பத்தேழு வயசுல என்னைக் கொரங்கு ஆக்குறியே அக்கா."

"கொரங்குக்கு உன்னை மாதிரி தொப்பை கெடையாதுடா. பேசாம ஏறு."

ஏறினான். பழக்கம் விடுமா? பாடினான். கீழே என் கணவர் குஜாவும் பக்கத்து வீட்டுக்காரர்களும் கம்பளியோடு நின்றார்கள். படக்காரர் முகம் சுளித்தார். "எப்பப் பார்த்தாலும் வாயைத் தொறந்துக்கிட்டே இருக்காரும்மா. படம் நல்லா வரல." நான் அண்ணாந்து கத்தினேன். "டேய் போந்தோ! பாடுனது போதும்டா, வாயை மூடிக்கிட்டுச் சிரி!"

பாட்டு நின்றது. யார் ஓடினார்கள்? ஒருவரும் ஓடவில்லை. ஏன் ஓட வேண்டும்? நிறுத்தச் சொன்னவளே நான்தானே! குஜா கம்பளியை மடித்துத் தோளில் போட்டுக்கொண்டார்.

இப்போது திரும்பி அந்தப் படத்தைப் பாருங்கள். கையைப் பார்க்காதீர்கள், காலைப் பாருங்கள். எந்தக் கிளையில் இருக்கிறது அந்தக் கால்? முன்வரிசை அம்மா சொல்கிறார், "எதுலயுமே இல்லையே!" இல்லை தாயே, எதிலும் இல்லை. அது விருந்துக்கு அழைக்கும் கை அல்ல. பிடிக்க ஒன்றும் கிடைக்காத கை! என் தம்பி விழுந்துகொண்டிருக்கிறான், அதற்குத்தான் தட்டினீர்கள்!

வணிகப் பெருமக்களுக்கு இது தெரியாது. எனக்குத் தெரியும். ஆறு மாதமாகத் தெரிந்தும் வாய் திறக்கவில்லை. எங்கள் பெயர் போட்ட சீசா கடல் கடந்து போக வேண்டும் என்ற ஆசை. வெட்கமாக இருக்கிறது.

"சிசானா, விருந்தாளிங்க முன்னாடி இதெல்லாம் வேணாம்மா" என்கிறார் தலைவர். வேண்டும் ஐயா! இவர்கள் முன்னால்தான் வேண்டும். படக்காரர் எடுத்தது இதைவிடப் பெரிய படம். அழகாக இல்லை என்று கீழ்ப்பாதியை வெட்டிவிட்டார்கள். முழுப் படம் இதோ என் கையில் இருக்கிறது. அதில் மரத்தடியில் நான் நிற்கிறேன், உதட்டில் விரலை வைத்துக்கொண்டு. விற்பனை ஒப்பந்தத்தில் என் கையெழுத்துத்தானே வேண்டும்? முழுப் படத்தையும் ஒட்டுங்கள், போடுகிறேன்! மேலே அவன், கீழே நான், தொள்ளாயிரம் சீசாவிலும்! இல்லையென்றால் ஒரு சீசாவும் என் நிலவறையைத் தாண்டாது!

தட்டாதீர்கள். தயவுசெய்து தட்டாதீர்கள். போந்தோ ஏதோ சொல்கிறான். ஒலிவாங்கியை அவனிடம் கொடுங்கள். வேண்டாம் என்கிறானா? சரி, அவன் சொன்னதை நானே சொல்கிறேன்.

"பாதியும் வேணாம், முழுசும் வேணாம். விழுந்தது நான். என்னை ஒரு வார்த்தை கேட்டியாக்கா?"

கேட்கவில்லை, சபையோரே. மரத்தில் ஏற்றியபோதும் கேட்கவில்லை. இந்த மேடையில் ஏறி, அவனுக்காக இவ்வளவு முழங்கினேனே, இப்போதும் கேட்கவில்லை.

குஜா, அந்தத் துணியை இழுத்துப் படத்தை மூடிவிடுங்கள். பொறுத்திருந்து கேட்ட உங்கள் எல்லோருக்கும் என் நன்றி. தலைவணங்கி விடைபெறுகிறேன்.