அடியில் பிஸ்கட் இல்லாத கேக்

ஓவனை முதலில் நன்றாகச் சூடாக்கிவிட வேண்டும், மேடம். பலர் கோட்டை விடுவது அந்த இடத்தில்தான்.

சாதாரண சீஸ்கேக் என்றால் பிஸ்கட்டைப் பொடித்து, வெண்ணெயில் பிசைந்து, அடியில் அழுத்த வேண்டும். தட்டில் வெந்நீர் ஊற்றி, நடுவில் டின்னை வைத்து, குறைந்த சூட்டில் பச்சைக் குழந்தையைப் போலப் பார்த்துக்கொள்ள வேண்டும். மேலே ஒரு கீறல் விழுந்தால் போச்சு. ஸ்பெயின் பக்கத்திலிருந்து வந்த பாஸ்க் சீஸ்கேக்குக்கு இந்தச் செல்லமெல்லாம் கிடையாது. பிஸ்கட்டும் இல்லை, வெந்நீரும் இல்லை. பட்டர் பேப்பரைக் கசக்கி டின்னுக்குள் விரித்து, கலவையை ஊற்றி, அனல் பறக்கும் ஓவனில் தள்ளிவிடலாம். தலையணை மாதிரி உப்பும். மேலே கறுத்துப்போகும். எடுத்ததும் நடுவில் அமுங்கும். உள்ளே தளதளவென்று ஆடும்போதே எடுத்துவிட வேண்டும். ஆற ஆறத் தானாக இறுகிக்கொள்ளும். அந்தக் கருகல் தவறல்ல, அதுதான் ருசியே.

இதை என் அக்காவுக்குப் புரியவைக்க நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். கேக் கடையை இருவரும் சேர்ந்துதான் நடத்தினோம். உள்ளே ஓவன் பக்கம் நான், வெளியே கண்ணாடிப் பெட்டிப் பக்கம் அவள். எனக்கு நாலு பேர் முன்னால் பேச வராது. அவளுக்கு வாய் ஓயாது. இந்தக் கேக்கை முதன்முதலில் செய்து எடுத்துவந்தபோது, வாடிக்கையாளர்கள் முன்னாலேயே, "என்னடி, கருக்கித் தொலைச்சிருக்க? குப்பையில போடு" என்றாள். போட்டேன். பிறகு மறுபடியும் செய்தேன். எதிர்க் கட்டிடத்துப் பல் டாக்டரம்மா சாப்பிட்டுவிட்டு இன்னொரு துண்டு கேட்ட பிறகுதான் அக்கா வாயை மூடினாள். அப்புறம் வாசல்வரை வரிசை நின்றது.

ஒரு பத்திரிகையிலிருந்து ஒரு பெண் பேட்டிக்கு வந்தாள். அக்கா என் ஏப்ரனைக் கழற்றச் சொல்லி, தான் கட்டிக்கொண்டாள்.

"எல்லாம் என் கைப்பக்குவம்தாங்க."

"உள்ள நிக்கிறாங்களே, அவங்க யாரு?"

"என் தங்கச்சி. பாத்திரம் பண்டம் கழுவ ஒத்தாசையா இருக்கா."

கோபம் வந்ததா என்று கேட்கிறீர்கள். இல்லை. கையிலிருந்த டின்னைத் தேய்த்து முடித்தேன். கொஞ்சம் அதிகமாகத் தேய்த்திருப்பேன்.

அக்காவுக்கு முந்திரி ஆகாது. சின்ன வயதில் ஒரு விள்ளல் வாயில் போட்டதற்கே தொண்டை அடைத்து, பேச்சு நின்று, ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினோம். அதிலிருந்து கைப்பையில் ஓர் ஊசி வைத்திருப்பாள். தொடையில் குத்திக்கொண்டால் மூச்சு திரும்பிவிடும்.

மற்ற சீஸ்கேக்கில் எதையும் ஒளிக்க முடியாது. மெல்லிய ருசி, நாக்கு காட்டிக்கொடுத்துவிடும். இதில் கருகலின் கசப்பு எல்லாவற்றையும் மூடிவிடுகிறது. மைதா எப்படியும் கொஞ்சம்தான் போகும். அதற்குப் பதில் முந்திரியை மாவாக்கிச் சேர்த்தேன். அவளுக்கென்று தனியாக, சின்ன டின்னில். வாடிக்கையாளர் யாருக்கும் ஆபத்து வந்துவிடக் கூடாது அல்லவா? அந்த விஷயத்தில் நான் பொறுப்பானவள்.

மதியம் கடையைச் சாத்திவிட்டு உட்கார்ந்தோம். ஒரு வாய் எடுத்ததும் அக்கா நிமிர்ந்தாள்.

"முன்னைவிட நல்லா இருக்குடி. என்ன பண்ணின?"

"சூட்டைக் கொஞ்சம் கூட்டினேன்."

இன்னும் இரண்டு வாய் சாப்பிட்டாள். பிறகு என்னைப் பார்க்காமலே சொன்னாள்: "அன்னைக்கு அந்தப் பொண்ணுகிட்ட நான் அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது. மனசு உறுத்திக்கிட்டே இருக்கு. நாளைக்குப் போட்டோ எடுக்க வராங்க, நீ நில்லு. இது உன்னோடதுன்னு நானே சொல்லிடறேன்."

தட்டில் அப்போது பாதித் துண்டு இருந்தது.

"மிச்சம் வைக்காதக்கா" என்றேன்.

வைக்கவில்லை. கொஞ்ச நேரத்தில் உதட்டைத் தடவிப் பார்த்தாள். கழுத்தைப் பிடித்துக்கொண்டாள். கைப்பையை எடுத்து மேஜைமேல் கொட்டினாள். சீப்பு, சாவிக்கொத்து, தலைவலித் தைலம், பேனா எல்லாம் உருண்டன. ஊசி இல்லை. அது என் சட்டைப் பையில் இருந்தது, காலையிலேயே எடுத்துவிட்டேன். பிறகு என் முகத்தைப் பார்த்தாள். பார்த்ததும் அவளுக்குப் புரிந்துவிட்டது. சிறுவயதிலிருந்தே என் முகத்தைப் படிக்கத் தெரிந்தவள் அவள் ஒருத்திதான்.

ஆம்புலன்ஸுக்குப் போன் செய்தது நான்தான், அதையும் வாக்குமூலத்தில் எழுதிக்கொள்ளுங்கள். கழுத்தைப் பிடித்திருந்த அவள் கை தளர்ந்த பிறகு செய்தேன்.

ஆனால் கொல்ல வேண்டும் என்று நான் நினைத்ததே இல்லை, மேடம். பக்கத்திலேயேதான் நின்றேன். வாய் திறந்து ஒரு வார்த்தை கேட்டிருந்தால் கொடுத்திருப்பேன். ஊரெல்லாம் பேசுகிறவள், என்னிடம் மட்டும் கடைசிவரை கேட்கவே இல்லை.