ஒன்றாம் இலக்கச் சன்னம்

செருப்பு வாங்கப் போனால் ஏழாம் இலக்கத்தைவிட எட்டாம் இலக்கம் பெரியது, ஐயா. உலகத்தில் எல்லாமே அப்படித்தான் என்று என் மருமகன் லக்ஷன் நம்பியிருந்தார். யாழ்ப்பாணத்துப் பிள்ளை; துவக்குச் சுட்டுப் பழக்கமில்லை.

துவக்கில் கணக்குத் தலைகீழ். ஓர் இறாத்தல் ஈயத்தைப் பன்னிரண்டு சம உருண்டைகளாக உருட்டினால், அதில் ஒன்று நுழைகிற குழலின் பெயர் பன்னிரண்டு. இருபதாக உருட்டினால் உருண்டை சிறுக்கும், குழலும் ஒடுங்கும். தோட்டாவுக்குள் நிறைந்திருக்கும் ஈயக் குண்டு, அந்தச் சன்னத்துக்கும் அப்படித்தான், இலக்கம் கூடக் கூடச் சன்னம் சிறியது. எட்டாம் இலக்கம் கடுகளவு, கிளி விரட்ட. ஒன்றாம் இலக்கம் மிளகளவு, பன்றிக்கு. என் கணவர் சொல்லித் தந்தது. அவர் போன பிறகு வயல் காவலுக்கான துவக்கும் அனுமதியும் என் பெயருக்கு வந்தன.

அன்று மத்தியானம் லக்ஷன் சேற்றுக்காலோடு, நான் சமைத்துக்கொண்டிருந்த குசினி வாசலில் வந்து நின்றார்.

"மாமி, சிற்றம்பலத்தார் திரும்பவும் எங்கடை வரம்பை வெட்டித் தண்ணியைத் தன்ரை வயலுக்குத் திருப்பிப்போட்டார். கேட்டால், 'யாழ்ப்பாணத்து மாப்பிளைக்குக் கிணத்துத் தண்ணிதானே தெரியும், போய் வெங்காயம் நடும்' எண்டு நக்கலடிக்கிறார். துவக்கைத் தாங்கோ. காலிலை சுள்ளெண்டு பட்டால் காணும். மனிசனுக்கு ஒண்டும் ஆகக்கூடாது. ஆகச் சின்ன நம்பராப் பாத்துத் தாங்கோ."

"என்னட்டை உள்ளதிலை ஆகச் சின்ன நம்பர் ஒண்டுதான், தம்பி."

"அது காணும் மாமி."

நான் பொய் சொல்லவில்லை. அலுமாரியில் எட்டாம் இலக்கமும் பக்கத்திலேயே இருந்தது. அவர் கேட்கவில்லை.

சிற்றம்பலத்தார் நல்ல மனிதர். என் கணவரின் பாடைக்குத் தோள் கொடுத்தவர். அவரோடு எனக்கு ஒரு கோபமும் கிடையாது. லக்ஷன் சுட்டது தொடையில் பட்டது. கிளிநொச்சி ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேருமுன் இரத்தம் முழுவதும் போய்விட்டதாம். செத்தவீட்டில் அவர் மனைவி சிவனேஸ்வரிக்குத் தேநீர் ஊற்றிக் கொடுத்தது நான்தான்.

ஆண் பிள்ளைகள் இரண்டையும் இறுதி யுத்தத்தில் மாத்தளனில் விட்டுவிட்டு வந்தவள் நான். மிஞ்சியது சுதாஜினி ஒருத்தி. அறுவடை முடிய அவளை யாழ்ப்பாணத்துக்குக் கூட்டிப்போகப் போவதாக லக்ஷன் சொன்னார். "பஸ்ஸிலை ஏறினால் அரை நாள் கூட இல்லை அம்மா, ஏன் அழுறியள்?" என்றாள் மகள். எங்கள் ஊர் அக்கராயனில் என்ன குறை? லக்ஷன் உள்ளே போனால் அவள் என்னோடு நிற்பாள் என்று நினைத்தேன். அதற்கு யாராவது ஒருவர் சாகவேண்டியிருந்தது. தெரிந்துதான் கொடுத்தேன், ஐயா. எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்து வைக்கிறேன்.

அவள் நிற்கவில்லை. யாழ்ப்பாணத்தில் லக்ஷனின் தாய் வீட்டுக்குப் போய்விட்டாள். ஒவ்வொரு கிழமையும் யாழ்ப்பாணச் சிறைக்குப் போய் அவரைப் பார்க்கிறாளாம். எனக்கு ஒரு போன் கூட இல்லை.

அதனால்தான் நானாகவே வந்தேன். என்னையும் அங்கேயே போடுங்கள். ஒரே பயணத்தில் இரண்டு பேரையும் பார்த்துவிடலாம். பிள்ளைக்கு அலைச்சல் குறையும்.