தாம்போதியில் திரும்பிய சில்லு

பொழுது பட்டு, மஃரிப் பாங்கு சொல்லி ஓய்ந்த நேரம். மாவடிப்பள்ளித் தாம்போதி. இரண்டு பக்கமும் தண்ணீர்... நடுவில் றோட்டு மட்டும். கிட்ட வந்து இருங்க. என் சிநேகிதி ஒருத்தியின் சாச்சாவுக்கு நடந்தது இது. யுத்தம் முடிந்த வருசம்.

சாச்சாவின் பெயர் அப்துல் ஸமட். சம்மாந்துறையில் கராஜ் வைத்திருந்தார். வாகனம் கொண்டுவருகிறவன் எவனும் அவருக்கு மடையன்தான்.

அன்றைய மடையன் வீரமுனையின் பெரிய வயல்காரர் அழகரெத்தினம் போடியார். மூன்றாம் தடவையாக வந்திருந்தார். அவருடைய பிக்கப் சுனாமியில் அகப்பட்டது. ஓட்டிய மீன் முதலாளியின் உடலை அதற்குள் இருந்துதான் எடுத்தார்கள். அதைத் திருத்தி, பெயின்ற் அடித்து, போடியாருக்கு விற்றவர் ஸமட்.

"முன்னுக்கு டக் டக்கெண்டு அடிக்குது பாஸ். ஸ்டேரிங் லூஸ். தாம்போதியில தண்ணிப் பக்கம் இழுக்குது. நாளைக்கு மகளப் பிரசவத்துக்கு ஏத்திட்டுப் போகணும். போகலாமா, ஏலாதா? அத மட்டும் சொல்லுங்க."

"முன் மூட்டெல்லாம் புதுசு போட்டாச்சு போடியார். இனி மாத்துறதெண்டா ஒங்கட காதத்தான் மாத்தணும்."

போடியார் அசையவில்லை. "அப்ப நீங்களே வந்து கேளுங்க."

ஸமட் பக்கத்தில் ஏறிக்கொள்ள, போடியார் ஓட்டினார். தாம்போதியின் நடுவில் சத்தம் வந்தது. டக். ஸமட் இன்ஜினை நிறுத்தச் சொல்லி இறங்கினார்.

"நான் கீழ இருந்து ஒருக்காத் தட்டினா ஸ்டேரிங்க ஆட்டுங்க. ரெண்டு தட்டினா நிப்பாட்டுங்க. இதாவது ஏலுமா?"

பதிலுக்கு அவர் நிற்கவில்லை. திரும்பியும் பார்க்கவில்லை. டோர்ச்சை வாயில் கவ்விக்கொண்டு வண்டிக்கு அடியில் நுழைந்தார்.

முன்பக்கம் ஆடினால் இப்படித்தான் பார்ப்பார்கள். மேலே ஒருவர் ஸ்டேரிங்கை ஆட்டுவார். கீழே மற்றவர் ஒவ்வொரு மூட்டிலும் கை வைத்திருப்பார். தளர்ந்த மூட்டு விரலுக்குள் துள்ளும்.

ஒரு தட்டு. முன் சில்லு டயரோடு திரும்பியது. இடம்... வலம்... டக்.

மூட்டு துள்ளவில்லை. அடுத்ததில் கை வைத்தார். அதுவும் கல்லு மாதிரி.

டக்.

சத்தம் மூட்டில் இல்லை. அதற்கு மேலே... ஓட்டுகிறவர் கால் வைக்கிற தகட்டில். உள்ளே அடைபட்டவன் குதிகாலால் உதைக்கிற மாதிரி.

"ஆட்டத்தான் சொன்னன். உதைக்கச் சொல்லல்ல" என்றார் ஸமட்.

கடற்சேறும் அழுகிய மீனும் மணத்தன. வயல் தண்ணீருக்கு அந்த மணம் கிடையாது.

இரண்டு தரம் தட்டினார். சில்லு நிற்கவில்லை. இடம்... வலம்... இடம்...

தலையைத் திருப்பினார். வண்டிக்கு வெகு பின்னால், றோட்டில், போடியாரின் இரண்டு கால்கள்.

முழங்கை உரிய உரிய வெளியே வந்தார்.

"உள்ள ஆரு?"

"ஒருத்தருமில்ல பாஸ். நீங்க இறங்கின கையோட நானும் இறங்கிட்டன். பின்னால வாற வாகனம் இடிச்சுப் போடுமெண்டு அடையாளத்துக்கு மரக்கொப்பு முறிச்சுப் போடப் போனன்."

போடியாரின் கையில் வண்டிச் சாவி இருந்தது. சாவியைக் கழற்றினால் அந்த ஸ்டேரிங் பூட்டிக்கொள்ளும். ஸமட் கதவைத் திறந்து, இரண்டு கையாலும் ஆட்டிப் பார்த்தார். அசையவில்லை.

"பிழை கண்டு பிடிச்சீங்களா?"

மகளை இதில் ஏற்றாதே என்று ஒரு சொல் சொன்னால் போதும். ஆனால் விடிந்தால் சந்தை முழுக்கத் தெரிந்துவிடும், ஸமட் பாஸ் பேய்க்குப் பயந்த கதை. அதுவும் இந்த மடையனின் வாயால்.

"பிழை ஒண்டுமில்ல. பயந்து ஓட்டினா எந்த வண்டியும் ஆடும்" என்றார்.

போடியார் நம்பிவிட்டார்.

காலையில் பிக்கப் கராஜ் வாசலில் வந்து நின்றது. ஓட்டி வந்தவன் போடியாரின் மருமகன் நிதர்சன். பக்கத்தில் வயிற்றைப் பிடித்தபடி அவன் மனைவி சிவரூபினி. பின்தட்டில் பாயும் பையுமாகப் போடியார். ஆஸ்பத்திரிக்குத் தாம்போதியால்தான் போக வேண்டும்.

ஸமட் வெளியே வந்தார். வாயைத் திறந்தார். நிதர்சன் முந்திக்கொண்டான்.

"மாமா சும்மா பயந்திருக்கார். சத்தமும் இல்ல, ஆட்டமும் இல்ல. ஸ்டேரிங் இப்ப நல்ல இலேசு பாஸ்."

கியரைப் போட்டான்.

"நான் திருப்ப முந்தியே திரும்புது."