நான்கு நிமிடம் பத்து விநாடி

என் அறை கல்லூரி ஜெராக்ஸ் கடைக்குப் பின்னால் இருக்கிறது. அது என் யோசனைதான். நிர்வாகம் முதலில் அலுவலகக் கட்டடத்தில் ஏசி அறை ஒன்றைத் தருவதாகச் சொன்னது. அங்கே கவுன்சலிங்குக்கு வருகிற பிள்ளையை நாலு பேர் பார்ப்பார்கள். பார்த்தால் 'லூசு' என்று பெயர் வைத்துவிடுவார்கள். ஜெராக்ஸ் கடைப் பக்கம் வந்தால் யாரும் எதுவும் நினைக்கமாட்டார்கள். பதினோரு வருடத்தில் அந்தச் சின்ன அறைக்கு ஆயிரத்துச் சொச்சம் பிள்ளைகள் வந்திருக்கிறார்கள். வேலையை அக்கறையோடு செய்தவள் நான். இன்ஸ்பெக்டரம்மா, அதையும் சேர்த்து எழுதிக்கொள்ளுங்கள்.

யுவஸ்ரீ ஜூலை மாதம் வந்தாள். ஜவுளித் தொழில்நுட்பம், கடைசி வருடம். தூக்கம் வரவில்லை, முடி கொட்டுகிறது, வகுப்பில் உட்கார்ந்தால் நெஞ்சு படபடக்கிறது என்றாள். வெள்ளகோவில் பக்கம் ஊர். எல்லாரிடமும் கேட்பதுபோல அவளிடமும் குலதெய்வக் கோயில் எது என்று கேட்டேன். எங்கள் பக்கத்தில் சாதியை நேராகக் கேட்பது மரியாதை இல்லை. கோயிலைக் கேட்டால் போதும். சாதி, சாதிக்குள் எந்தக் கூட்டம், சொந்தபந்தம் எல்லாம் தெரிந்துவிடும். அவள் கோயில் பெயரைச் சொன்னதும் எனக்குச் சிரிப்பு வந்தது. என் வீட்டுக்காரருக்கும் அதே கோயில்தான்.

"அப்ப நீ எனக்கு மக மொறை ஆவுது கண்ணு," என்றேன்.

அவள் முகம் சுருங்கிப்போனது. அந்நியர் யாரிடமாவது மனதைக் கொட்டலாம் என்று வந்த பெண் அவள். சொந்தக்காரி ஒருத்தி எதிரில் உட்கார்ந்திருப்பாள் என்று எதிர்பார்க்கவில்லை. அதன்பின் அவளைப் பேசவைக்க எனக்கு மூன்று வாரம் ஆனது. ஆனாலும் பேசவைத்தேன். அது என் திறமை.

"மேடம், இதெல்லாம் வெளிய போவாதுங்களே?"

"இந்த நாலு செவுத்தத் தாண்டாது கண்ணு. தைரியமாச் சொல்லு."

சொன்னாள். பையன் பெயர் எழில். அதே வகுப்பு. சோமனூர்க்காரன். அப்பா அடுத்தவர் கொட்டகையில் தறி ஓட்டுகிறார். தாத்தா காலம் வரை, யுவஸ்ரீ வீட்டாரைப் போன்றவர்களின் தோட்டத்தில் பண்ணையத்துக்கு இருந்த குடும்பம். இதற்கு மேல் விளக்கம் உங்களுக்குத் தேவைப்படாது. இரண்டு பேரும் வேலை வாங்கிய பிறகு பதிவுத் திருமணம் செய்துகொள்வதாக முடிவு செய்திருந்தார்கள். அதை வீட்டில் எப்படிச் சொல்வது என்ற பயம்தான் அவளைத் தூங்கவிடவில்லை.

"அவனுக்கு பைக் கூட ஒழுங்கா ஓட்டத் தெரியாதுங்க மேடம். தறி மட்டும்தான் ஓட்டுவான்," என்று சொல்லிச் சிரித்தாள்.

மூன்று வாரமாக அழுத பெண், அவனைப் பற்றிப் பேசும்போது மட்டும் சிரித்தாள். எனக்கும் இருபத்திரண்டு வயதில் ஒருவர் இருந்தார். வீட்டில் வேண்டாம் என்றார்கள், விட்டுவிட்டேன். எனக்கு ஒன்றும் குறைந்துபோகவில்லை. அவரைப் பற்றி யாரிடமும் நான் அப்படிச் சிரித்துப் பேசியதும் இல்லை.

எங்கள் தொழிலில் ஒரு விதி உண்டு. மாணவர் சொல்வதை வெளியே சொல்லக்கூடாது. அதற்கு ஒரு விதிவிலக்கும் உண்டு. உயிருக்கு ஆபத்து என்று தோன்றினால் வீட்டாரிடம் சொல்லலாம். யுவஸ்ரீயின் உயிருக்கு ஆபத்து என்று எனக்குத் தோன்றியது. அவள் வீட்டார் எப்படிப்பட்டவர்கள் என்று எனக்குத் தெரியுமே. அதனால் அவள் வீட்டாரிடம் சொன்னேன்.

கல்லூரி அலுவலகத்தில் நம்பர் கேட்டால் பதிவேட்டில் எழுதவேண்டும். ஆகவே என் கொழுந்தனாரிடம் வாங்கினேன். அவள் அப்பா சுப்பண்ணன் முதல் தடவை ரொம்பக் கத்தினார். அவன் காலை ஒடச்சுப்போடறேன், காலேஜைக் கொளுத்திப்போடறேன் என்றார். ஒரு மனிதர் இவ்வளவு கத்துகிறார் என்றால் உள்ளே இருப்பதெல்லாம் வெளியே வந்துவிடுகிறது என்று அர்த்தம். பொறுமையாகக் கேட்டேன். கத்தி முடித்ததும் நன்றி சொன்னார். அன்று சாயங்காலமே, சித்திக்கு உடம்பு முடியவில்லை என்று சொல்லி அவளை ஹாஸ்டலிலிருந்து அழைத்துப் போனார்கள்.

ஒன்பதாம் நாள் அவள் திரும்பி வந்தாள்.

வீட்டில் போனைப் பிடுங்கிவிட்டார்கள். தாராபுரத்தில் மாப்பிள்ளை பார்த்துவிட்டார்கள். ரவிக்கை அளவு கொடுக்கப் போவதாகச் சொல்லிவிட்டு, டெய்லர் கடை வாசலிலேயே பஸ் ஏறியிருக்கிறாள். எழிலிடம் போகவில்லை. முதலில் அங்கேதான் தேடுவார்கள், அவனுடைய அப்பா அம்மாவுக்கு ஆபத்து என்றாள். இந்த உலகத்தில் அவளுக்குத் தோன்றிய ஒரே இடம் என் அறைதான்.

"ஹாஸ்டல்ல யாரோ போட்டுக் குடுத்துட்டாங்க மேடம்," என்றாள்.

"இருக்கும் கண்ணு," என்றேன்.

கையில் அடிபட்ட தடம் இருந்தது. என்னிடம் அவள் கேட்டது பெரிய விஷயம் ஒன்றும் இல்லை. மகளிர் காவல் நிலையம் வரைக்கும் கூட வரவேண்டும், அவ்வளவுதான். அவள் கேட்டது இந்த ஸ்டேஷன்தான் இன்ஸ்பெக்டரம்மா. ஆட்டோவில் வந்தால் பத்து நிமிடம்.

"நான் ஊட்டுக்குப் போனா உசுரோட இருக்கமாட்டேனுங்க மேடம். சும்மா சொல்லலீங்க."

"மொதல்ல சாப்புடு. பசியில எதையும் முடிவு பண்ணக்கூடாது," என்று என் டிபன் பாக்ஸைத் திறந்து கொடுத்தேன். தக்காளிச் சாதம். நன்றாகச் சாப்பிட்டாள். கொஞ்சம் காரம் என்றாள். அவள் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது நான் போனை எடுத்துக்கொண்டு வராந்தாவுக்குப் போனேன்.

அன்று சாயங்காலம் வயிற்று வலி வந்து இறந்துவிட்டாள் என்று சொன்னார்கள். மறுநாள் காலை எட்டு மணிக்குள் எரித்தும் முடித்துவிட்டார்கள். நான் துக்கம் விசாரிக்கப் போனேன். அவள் அம்மா ராசாத்தாள் என் கையைப் பிடித்துக்கொண்டு, "நீங்கதான் அந்த மேடமுங்களா? எம்புள்ளை உங்களப் பத்தியே பேசிக்கிட்டிருப்பாளுங்க," என்றார். எனக்கு அழுகை வந்தது. அந்த அழுகை உண்மையானதுதான்.

எழில் புகார் கொடுத்த பிறகுதான் உங்கள் ஆட்கள் என்னிடம் வந்தார்கள். போன வாரம் நான் எழுதிக் கொடுத்ததில், அவளாகவே மனம் மாறி வீட்டுக்குப் போய்விட்டாள் என்று சொல்லியிருந்தேன். அதை மாற்றிக்கொள்ளுங்கள். இப்போது நீங்கள் என் போன் கால் பட்டியலை என் முன்னால் வைத்திருக்கிறீர்கள். பன்னிரண்டு நாற்பதுக்கு, என் நம்பரிலிருந்து சுப்பண்ணன் நம்பருக்கு, நான்கு நிமிடம் பத்து விநாடி. என்ன பேசினேன் என்று கேட்கிறீர்கள். சொல்கிறேன்.

"உங்க பொண்ணு இங்கதானுங்க இருக்கா," என்றேன். இந்தத் தடவையும் கத்துவார் என்று நினைத்து போனைக் காதிலிருந்து கொஞ்சம் தள்ளியே வைத்திருந்தேன்.

அவர் கத்தவில்லை.

"சரிங்க அம்மணி," என்றார். "பல்லடம் வரைக்கும் வந்துட்டோமுங்க. அரை மணி நேரத்துல வாரோம். அதுவரைக்கும் உக்கார வெச்சிருங்க."

"புள்ளைய அடிக்காதீங்க."

"அடிக்கறதெல்லாம் முடிஞ்சுதுங்க. இனி எதுக்குங்க அடிக்கறது? பங்காளிக எல்லாம் உட்கார்ந்து பேசி முடிவு பண்ணிட்டோமுங்க. எனக்கே இப்பத்தான் மனசு லேசா இருக்குது." கொஞ்சம் நிறுத்திவிட்டு, "நேரமாச்சே, நீங்க சாப்புட்டீங்களா அம்மணி?" என்றார்.

ஒவ்வொரு ஜூன் மாதமும் ஹாஸ்டல் வார்டன்களுக்கு நான் வகுப்பு எடுக்கிறேன். அதில் முதலில் சொல்லிக்கொடுப்பது இதைத்தான். கத்துகிறவரைப் பார்த்துப் பயப்படாதீர்கள். நேற்று வரை கத்திக்கொண்டிருந்தவர் இன்றைக்குத் திடீரென்று அமைதியாகி, மனசு லேசாகிவிட்டது என்று சொல்லி, உங்களை நலம் விசாரித்தால் உஷாராகுங்கள். அவர் ஒரு முடிவுக்கு வந்துவிட்டார். அதன்பின் ஒரு உயிர் போகும். பதினோரு வருடமாக இதைச் சொல்லிக்கொடுப்பவள் நான். அந்தக் குரலைக் கேட்ட மாத்திரத்தில் எனக்குத் தெரிந்தது. நினைத்தேன், சந்தேகப்பட்டேன் என்று மாற்றி எழுதவேண்டாம். தெரிந்தது என்றே எழுதுங்கள்.

அதன்பிறகும் இரண்டு நிமிடம் பேசியிருக்கிறேன். அந்த இரண்டு நிமிடத்தில் அவருக்கு வழி சொன்னேன். முன்பக்கம் வரவேண்டாம், கேன்டீனைச் சுற்றிப் பின்பக்கக் கேட்டுக்குக் காரைக் கொண்டுவாருங்கள் என்றேன். முன்பக்கம் அவளுடைய வகுப்புப் பிள்ளைகள் நின்றுகொண்டிருந்தார்கள். அவர்கள் பார்த்தால் அவளுக்கு ரொம்பச் சங்கடமாக இருக்கும்.