பாண்டிச்சேரி பஸ்ஸு நிக்குது

"கைதானே ஒடைஞ்சுது? கடலைப் பாக்கக் கண்ணு போதும்."

திண்டிவனம் பஸ் நிலையத்தில் விழுப்புரம் பஸ்ஸில் ஏறி, அது புறப்படக் காத்திருந்தபோது, என் முன் இருக்கையில் இருந்த பெண் இப்படிச் சொன்னாள். இடது கையில் ஈரம் காயாத மாவுக்கட்டு. அந்தப் பக்கம் கணவன், நடுவில் ஏழெட்டு வயது மகள்.

"இன்னா பேசுற நீ? வீட்டுக்குப் போய் படு. காரும் போச்சு, மாமல்லபுரமும் போச்சு" என்றான் அவன். "நாய் குறுக்க வந்துச்சேன்னு ஸ்டீரிங்க ஒடிச்சேன், ரோட்டு நடுச்சுவத்துல மோதிட்டேன். எனக்கே ஒடம்பெல்லாம் வலிக்குது."

"வலி எனக்கும்தான் இருக்குது, தாங்கிக்குவேன். காலையிலேர்ந்து இவ ஒரு வார்த்தை பேசல, பாத்தீங்களா? இப்படியே வீட்டுக்குப் போனா, டூருன்னாலே இவளுக்கு அந்த மோதுன சத்தந்தான் ஞாபகம் வரும். அதோ பாண்டிச்சேரி பஸ்ஸு நிக்குது. அங்கியும் கடலு இருக்குது. எழுந்திருங்க."

அவன் அசையவில்லை. அவளே ஒற்றைக் கையால் பையை இழுத்தாள். அவன் சட்டென்று எழுந்து அதை வாங்கிக்கொண்டு மகளிடம் குனிந்தான்.

"கடலுக்குப் போலாமா கண்ணு?"

சிறுமி அவனையே பார்த்தாள்.

"அந்த பஸ்ஸ நீ ஓட்ட மாட்டல்ல?"

சுற்றி இருந்த யாரும் சிரிக்கவில்லை.

"இல்லடா. உன் கையப் புடிச்சிக்கினு பக்கத்துலயே ஒக்காந்துக்கினு வர்றேன்."

"அப்ப ஜன்னல் சீட்டு எனக்குத்தான்" என்று சொல்லிவிட்டுச் சிறுமிதான் முதலில் இறங்கினாள்.