அலமாரியில் அடைபட்ட இமை

கண்ணுக்குத் தெரியாத ஒளியைக் கண்ணும் கருத்துமாய்க் கையாண்டவரே, கம்பியில்லா அலைகளைக் கனத்த சுவருக்கு அப்பாலும் கொண்டுசேர்த்தவரே, சூட்டில் துவண்ட கணினிப் பலகைகளுக்குக் குளிர்ச்சி தந்தவரே, முப்பத்தோராண்டுகள் எங்கள் சோதனைக்கூடத்தின் முதுகெலும்பாய் நின்று இன்று பணி ஓய்வு பெறும் எங்கள் அன்பு அக்கா அவர்களே, வணக்கம்.

இந்த மேடையில் இதுவரை பேசியவர்கள் உங்கள் அலைவாங்கியைப் பாராட்டினார்கள், குளிர்த்தகட்டைப் பாராட்டினார்கள். இரண்டும் நன்றாக விற்றவை. நாங்கள் இந்த மடலை எழுத உட்கார்ந்தபோது மேலிடத்திலிருந்து ஒரே ஒரு வேண்டுகோள் வந்தது. "என்ன வேணா எழுதுங்க, அந்த இமை விஷயம் மட்டும் வேண்டாமே. நல்ல நாளும் அதுவுமா எதுக்கு?" ஆகவே இமையைப் பற்றி மட்டுமே எழுதியிருக்கிறோம். உங்கள் பெருமையை உங்கள் முகத்துக்கு நேரே சொன்னால் பாதியில் எழுந்து போய்விடுவீர்கள் என்பதால், யாரோ ஓர் அக்காவின் கதைபோலச் சொல்கிறோம். பொறுத்துக்கொள்ளுங்கள்.

அந்த அக்காவின் கூடத்தில், கண்ணாடி இழைக் கேபிள் இணைப்பவர்களுக்கு ஒரு கெட்ட பழக்கம் இருந்தது. கேபிளைக் கழற்றியதும் அதன் முனையை வாயால் ஊதுவார்கள். பிறகு ஊசியில் நூல் கோப்பவரைப்போலக் கண்ணருகே கொண்டுபோய், தூசு இருக்கிறதா என்று பார்ப்பார்கள். இழைக்குள் ஓடும் லேசர் ஒளி மனிதக் கண்ணுக்குப் புலப்படாது. புலப்படாததால் ஒளியே இல்லை என்று நினைப்பார்கள். இல்லை என்று நினைத்ததால் இன்னும் கொஞ்சம் உற்றுப் பார்ப்பார்கள். வேலைக்குப் புதியவர்கள் பயத்தில் கேபிளைத் தொடவே மாட்டார்கள். இந்தத் தவறைச் செய்வதற்குத் தொழில் நன்றாகக் கைவந்திருக்க வேண்டும்.

எங்கள் மீசைக்காரருக்குக் கைவந்திருந்தது. அவரைப்போல வேகமாக இணைப்பவர் கூடத்தில் எவரும் இல்லை. ஒருநாள் மறுமுனையில் லேசரை யாரோ அணைக்க மறந்துவிட்டார்கள். அவர் ஊதினார், பார்த்தார். வலிக்கவில்லை, கூசவுமில்லை. சாப்பிடும்போது இடது கண்ணைக் கசக்கியவர், சுவர்க் கடிகாரத்தின் நடுவில் சாம்பல் நிறத்தில் ஏதோ ஒட்டியிருப்பதைக் கண்டு, எழுந்துபோய்த் துடைத்தார். திரும்பி எங்களைப் பார்த்தபோது அது எங்கள் முகங்களின் மேலும் ஒட்டியிருந்தது.

அக்கா மருத்துவமனைக்கு ஓடினார். மீசைக்காரரின் வலது கண்ணை மூடிவிட்டு, இடது கண்ணைச் சோதித்துக்கொண்டிருந்தார்கள்.

"என்னைத் தெரியுதா?"

"ஓரமெல்லாம் தெரியுதுக்கா. மூஞ்சிதான் இல்ல. காதுல புதுக் கம்மல் போல, நல்லாருக்கு."

பக்கத்தில் அவர் மனைவி ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்தார். தலை நிமிராமலே, "இப்படிப் பாக்கக் கூடாதுன்னு இவருக்கு யாருமே சொல்லலையா மேடம்?" என்று கேட்டார். அக்கா பலமுறை சொல்லியிருந்தார், சுவரிலும் எழுதி ஒட்டியிருந்தார். அதை அந்தப் பெண்ணிடம் சொல்ல அவருக்கு வாய் வரவில்லை. மறுநாள் எங்களிடம்தான் சொன்னார். "மனுஷன் மறப்பான்டா. மறந்தாலும் கண்ணு போகாத மாதிரி நாமதான் சாமானைச் செய்யணும்."

செய்தார். கேபிள் முனையில் மாட்டும் கனெக்டரின் வாயில் மிளகளவு ஒரு மூடி. கேபிளைக் கழற்றியதும் சின்னச் சுருள்வில் ஒன்று தட்டி அது மூடிக்கொள்ளும். மூடியவுடன் செய்தி போய் லேசரும் அணைந்துவிடும். யாரும் எதையும் நினைவில் வைத்திருக்கத் தேவையில்லை. அதற்கு இமை என்று பெயர் வைத்தவர் மீசைக்காரர்.

நிறுவனம் அதற்குக் காப்புரிமை வாங்கியது. பித்தளைத் தகட்டில் பொறித்து, வரவேற்பறையில் லிஃப்ட் பக்கத்தில் மாட்டியது. வருகிற விருந்தினர்கள் அதன்முன் நின்று படம் எடுத்துக்கொண்டார்கள். செய்துகாட்டிய மாதிரி இமைகள் அலமாரிக்குள் போயின. ஒன்றுகூட விற்பனைக்குப் போகவில்லை. அதைச் செய்துகொள்ள அனுமதி கேட்டு வந்த வேறு நிறுவனங்களுக்கும் கைவிரித்தார்கள். அக்கா மேலாளரின் அறைக்குப் போனார். கதவு திறந்தே இருந்ததால் எங்களுக்கும் கேட்டது.

"இதைப் போட்டா, இத்தனை நாளா போடாம வித்ததுக்கு என்ன பதில் சொல்றதும்மா?"

"சரி, நீங்க செய்ய வேணாம். கேக்கறவனுக்காவது குடுங்க சார்."

"நம்ம பொருளைத் தூக்கி எதுக்கு அவனுக்குக் குடுக்கணும்?"

"அப்போ சுவத்துல எதுக்கு மாட்டி வெச்சிருக்கீங்க? அழகுக்கா?"

"டென்ஷன் ஆகாதீங்கம்மா. பி.பி. ஏறிடும்."

அன்று தொடங்கிய கோபம்தான். மற்றவர்கள் சாப்பாட்டு டப்பா கொண்டுவருவதுபோல அக்கா தினமும் அதைக் கொண்டுவந்தார். மேலாளர்கள் மாறினார்கள். புதிதாக வந்த ஒவ்வொருவரும் தகட்டைத் தடவிப் பார்த்து, "பிரமாதம், கண்டிப்பாப் பண்ணலாம்" என்றார்கள், பிறகு கண்டுகொள்ளவில்லை. இதற்கிடையே வெளி வேலைத்தளங்களிலிருந்து இன்னும் இருவர் அதே சாம்பல் பொட்டோடு மருத்துவமனைக்குப் போனார்கள். அவர்களைப் பார்க்கப் போனதும் அக்காதான். மேலிடத்திலிருந்து போனது பூங்கொத்து.

போன வாரம் புதிய கனெக்டர் ஒன்று எங்கள் மேசைக்கு வந்தது. முன்னைவிடப் பலமடங்கு வலிய ஒளி, ஆனால் இமை இல்லை. எங்கள் கூடத்தின் தேர்ச்சி முத்திரை விழாமல் எந்தப் பொருளும் வாசலைத் தாண்டக் கூடாது என்பது இங்கே விதி. அக்கா சோதித்தார். "நன்றாக வேலை செய்கிறது. கண்ணைக் கெடுக்கும். தேறவில்லை" என்று எழுதித் திருப்பி அனுப்பினார்.

மேலாளர் நேரிலேயே வந்தார். கோபப்படவில்லை, சிரித்தார். "பரவாயில்லம்மா. நீங்க வெள்ளிக்கிழமை ரிட்டயர் ஆறீங்க. திங்கக்கிழமை அடுத்தவங்க முத்திரை போட்டுக் குடுப்பாங்க."

அக்கா தன் மேசைக்குப் போய் இழுப்பறையைக் காலிசெய்யத் தொடங்கினார். அந்த முகத்தில் கோபம் இல்லாமல் இருந்ததை நாங்கள் முதல்முறையாகப் பார்த்தோம். அதைத்தான் எங்களால் தாங்க முடியவில்லை.

கதை முடிந்தது அக்கா. இனி உங்களிடமே பேசுகிறோம்.

இந்த வாரம் முழுக்க நீங்கள் எங்களிடம் எதுவும் கேட்கவில்லை. பிள்ளைகுட்டிக்காரர்கள், வீட்டுக்கடன் கட்டுகிறவர்கள், இவர்களை ஏன் வம்பில் மாட்டிவிட வேண்டும் என்று நினைத்திருப்பீர்கள். உண்மைதான், எங்களுக்குப் பயமாகத்தான் இருக்கிறது. ஆனால் அவர் சொன்ன அந்த அடுத்தவர்கள் நாங்கள்தானே? முன்வரிசையில் அமர்ந்திருக்கும் மேலாளர் அவர்களும் கேட்டுக்கொள்ளட்டும். திங்கட்கிழமை முத்திரை விழாது. செவ்வாயும் விழாது. எங்களில் யாரைத் தனியாகக் கூப்பிட்டுக் கேட்டாலும் விழாது. இமை வைத்துக் கொடுத்தால் அன்றைக்கே சோதித்துத் தருகிறோம்.

நீங்கள் நோய்நொடி இல்லாமல், தெளிந்த பார்வையோடு, பேரப்பிள்ளைகளின் தொல்லைகளோடு நெடுங்காலம் நிறைவாக வாழ வேண்டும். மனம் அமைதி பெற வேண்டும் என்று மட்டும் வாழ்த்த மாட்டோம். அந்தக் கோபத்தில் பாதியை வீட்டுக்கு எடுத்துப் போங்கள். மீதியை எங்களிடம் விட்டுப் போங்கள் அக்கா, இங்கே நிறையத் தேவைப்படுகிறது.

இவ்வண்ணம்,
மேலிடத்தின் ஒப்புதல் பெறாமல்,
முத்திரையைக் கையில் வைத்திருக்கும்
சோதனைக்கூடப் பணியாளர்கள் அனைவரும்